கப்பல் ஏறும் முன்பே காய வேண்டும்

புது வீட்டுக்குக் குடிபோக நாள் குறித்தாகிவிட்டது. காரைக்குடிப் பக்கம் சொல்லிச் செய்த தேக்குச் சாமி மேடை கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிவிட்டதாக முகவரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது. இரண்டு நாளில் லோரி வாசலில் நிற்கிறது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளேயிருந்து பழைய கிடங்கு வாடை. மணிகள் தொங்கும் கதவுக்குப் பின்னால், படிகளின் அடியில், கோபுரத்தின் சந்துகளில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம்.

வானொலியில் வீடு கட்டுவது, வீடு அலங்கரிப்பது என்று பேச்சை எடுத்தால் இந்தப் புகார் வந்தே தீரும். ஒருமுறை அழைத்த அக்கா ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தேக்குன்னு சொல்லித்தானே தம்பி காசு கட்டினோம்? தேக்குல எப்படிப் பூசணம் வரும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதென்றால் மரத்துக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

பூசணத்துக்கு நாலு பொருள் வேண்டும். சாப்பாடு, காற்று, இளஞ்சூடு, தண்ணீர். முதல் மூன்றையும் நம்மால் தடுக்க முடியாது. மரமே சாப்பாடு, காற்று எங்கும் உண்டு, சென்னைக்கும் கிள்ளானுக்கும் இடையில் உள்ள சூடு பூசணத்துக்குப் பிடித்தமான சூடு. நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். மரத்தை முழுக்க உலர்த்தி நிறுத்தால் வரும் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் அதில் இருக்கிறது என்பதே மரக்காரர்கள் சொல்லும் ஈரப்பதம். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் பெரும்பாலும் வாலாட்டாது. மேலே போகப் போக அதன் ராஜ்ஜியம். அப்போதுதான் வெட்டிய மரத்தில் 60 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நம் கோலாலம்பூர்க் காற்றில், ஜன்னல் திறந்த வீட்டில், காய்ந்த மரம் 15 சதவீதம் அளவில் நின்றுவிடும். ஆகவே நம் ஊர் காற்று ஈரமானது என்பதால் மட்டும் சாமி மேடை பூசணம் பூப்பதில்லை. வேறெங்கோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

அக்காவின் கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு. தேக்கின் புகழ் அதன் நடுப்பகுதிக்கு, வைரத்துக்குச் சேர வேண்டியது. அங்கே உள்ள எண்ணெயும் பிற பொருள்களும் பூஞ்சைக்கும் கறையானுக்கும் ஆகாதவை. பட்டைக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இளம் மரத்தில் வெள்ளைதான் அதிகம். பாலிஷ் போட்டு ஒரே நிறமாக்கிவிட்டால் வைரம் எது, வெள்ளை எது என்று நமக்குத் தெரியாது. பூசணத்துக்குத் தெரியும். வைரத்தின் மேலும் தூசி, பசை, மெழுகு படிந்து ஈரமும் சேர்ந்தால் மேலோட்டமாகப் பூக்கத்தான் செய்யும். ஆனால் அது தேக்கைத் தின்பதில்லை, தேக்கின் மேல் உள்ள அழுக்கைத் தின்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மரத்தில் தெரியும் எல்லாக் கறையும் பூசணமில்லை. துடைத்தால் கையோடு வந்துவிடும் பச்சைத் தூள் பூசணம். துடைத்தாலும் போகாமல் மரத்துக்குள்ளேயே மை கொட்டியதுபோல நீலச் சாம்பலாக ஓடுவது நீலக்கறை. அதுவும் ஒரு பூஞ்சைதான், உள்ளே குடியிருப்பது. ஆணியைச் சுற்றி, இரும்புப் பட்டை கட்டிய இடத்தில் கறுத்திருந்தால் அதற்குப் பூஞ்சையோடு சம்பந்தமே இல்லை. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கலந்த கறுப்பு அது. கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வேலை. பாலிஷுக்கு அடியில் வெள்ளை மேகம்போலத் தெரிந்தால் பாலிஷ் ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். மரம் அமுக்கினால் அமுங்குகிறது, நகம் இறங்குகிறது என்றால்தான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும், அது அழுகல். நீலக்கறை மரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. விலையைக் குறைத்துவிடும்.

நீலக்கறை என்றதும் நம் நாட்டில் பேச வேண்டிய மரம் ஒன்று இருக்கிறது. நம் தாத்தா பாட்டி ஆயுசு முழுக்கத் தொட்ட மரம். பால்மரம்.

விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பால் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் நாம். ஆனால் அந்த மரத்தின் கட்டையை நம்மவர்கள் அடுப்புக்கு மட்டுமே அறிந்திருந்தார்கள். 25, 30 வருடத்தில் பால் வற்றியதும் மரத்தைச் சாய்த்து விறகாக்கினார்கள். ரப்பர் பால் தகட்டைப் புகை போடவும், செங்கல் சூளைக்கும் அது போனது. பிறை நகரில் இருந்த மலாயாவாத்தா இரும்பு ஆலை பால்மரக் கரியை வைத்துத்தான் தன் உலையை எரித்தது. அழகான, இளமஞ்சள் நிறத்தில், நடுத்தர எடையில், ஆணி அடிக்கவும் இழைக்கவும் தோதான மரம் அது. அதை ஏன் யாரும் மேசை நாற்காலி செய்யவில்லை?

காரணம் மாவு. பால்மரத்தின் தண்டில் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏராளம். தேக்கில் உள்ளதுபோல வைரம் தனியாகக் கிடையாது, முழு மரமும் வெள்ளைதான் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தைச் சாய்த்த மறுநாளே பூஞ்சையும் துளைக்கும் வண்டும் விருந்துக்கு வந்துவிடும். சில நாளில் பலகை முழுக்க நீலக் கோடு. இந்த நாட்டுச் சூட்டில் பூஞ்சை எவ்வளவு வேகம் என்றால், காலையில் சாய்த்த மரத்தை நாளைக்கு அறுக்கலாம் என்று விட்டுவைக்க முடியாது.

அதை மாற்றியது பெரிய மாயமில்லை, நேரமும் முறையும்தான். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகளும் ஆலைகளின் அனுபவமும் சேர்ந்து ஒரு வழக்கம் உருவானது. சாய்த்த மரத்தை முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் ஓரிரு நாளில் அறுத்துவிட வேண்டும். அறுத்த பலகையை இரும்புருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தில் உள்ளே செலுத்த வேண்டும். கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்தப் போரிக் பவுடரின் குடும்பம்தான். பிறகு, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி வைத்து அடுக்கி, சூடேற்றிய உலர்த்தும் அறையில் 10 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இறக்க வேண்டும். 1980-களில் இந்த வழக்கம் பரவியபின் விறகாகப் போன மரம் ஏற்றுமதிச் சரக்கானது. இன்றைக்கு மூவாரில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் கட்டில், சாப்பாட்டு மேசைகளில் பெரும்பகுதி பால்மரம். நம் வீட்டில் இருக்கும் சாதாரண நாற்காலியும் பெரும்பாலும் அதுவே. தோட்டத்தில் அடுப்பெரித்த பாட்டிக்குச் சொன்னால் சிரிப்பார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, பால்மரத்தைக் காப்பாற்றியது கப்பலில் செய்த ஏற்பாடு எதுவும் இல்லை என்பது. எல்லாம் ஆலையிலேயே முடிந்துவிட்டது. போராக்ஸ்கூட வண்டையும் பூஞ்சையையும் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான். மழையில் நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும். கடலைத் தாண்டும் வலிமையைக் கொடுப்பது அந்த 10 சதவீதம்.

மரத்தை ஈரத்திலேயே வைத்துக் காப்பாற்றவும் ஒரு வழி உண்டு என்றால் நம்புவீர்களா? செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்குப் பர்மா தேக்கு வந்தது. அந்த மரங்கள் காட்டிலிருந்து ஐராவதி ஆற்றில் தெப்பமாகவே மிதந்து வந்தவை. ஊர்ப்பக்கம் மாம்பலகையையும் மூங்கிலையும் மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டு எடுப்பார்கள். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிய மரத்தில் பூஞ்சைக்குக் காற்று கிடைக்காது. மரத்துக்குள் இருக்கும் சர்க்கரையும் மெல்லக் கரைந்து போய்விடும். முழு ஈரமும் நல்லது, முழு உலர்வும் நல்லது. நடுவில் நிற்பதுதான் ஆபத்து. அரைகுறையாகக் காய்ந்த மரத்தைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவது அந்த நடுநிலைமைக்கு டிக்கெட் எடுப்பதுபோல.

இனி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரஜூலா கப்பலில் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கப்பலின் சரக்கறைக்கு மூடியும் காற்றுக் குழாயும் உண்டு. கடலில் நல்ல காற்று வீசினால் திறந்துவிடுவார்கள். இப்போது வரும் கொள்கலன் சாத்தி முத்திரையிட்ட இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தாலும் அவை பெரிய காற்றோட்டம் தருவதில்லை.

பகலில் வெயில் இரும்புக் கூரையைக் காய்ச்சுகிறது. உள்ளே இருக்கும் மரமும் அட்டையும் சூடாகித் தங்கள் ஈரத்தைக் காற்றுக்கு விடுகின்றன. இரவில் கூரை முதலில் குளிர்கிறது. காற்றில் இருந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கட்டிக் கீழே சொட்டுகிறது. இட்லிச் சட்டி மூடியைத் திறக்கும்போது தண்ணீர் வழியுமே, அதுதான். கப்பல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கொள்கலன் மழை. கொளுத்தும் பகலும் குளிரும் இரவும் மாறி மாறி வந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு மழை. கப்பலில்தான் என்று இல்லை. துறைமுகத் திடலில் அடுக்கின் மேல்தட்டில் வெயிலில் காத்துக் கிடக்கும் நாள்களிலும் இது நடக்கும்.

"அதான் ஈரம் உறிஞ்சும் பை தொங்கவிட்டோமே" என்று விற்றவர் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 அடிக் கொள்கலனுக்குள் ஏறத்தாழ 67 கன மீட்டர் காற்று. 30 டிகிரிச் சூட்டில், இனி ஒரு துளியும் தாங்காது என்ற அளவுக்கு ஈரமான காற்றிலும் மொத்தம் 2 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அதற்குப் பை போதும். ஆனால் அதே பெட்டியில் 10 டன் மரம் இருக்கிறது என்று வையுங்கள். ஈரப்பதம் ஒரே ஒரு சதவீதம் கூடினால்கூட அது 100 லிட்டர். இருக்க வேண்டிய அளவைவிட 10 சதவீதம் அதிகமாக இருந்தால் 1,000 லிட்டர், வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அளவு. எத்தனை பை தொங்கவிடுவது? காய்ந்த மரத்துக்கு அந்தப் பை நல்ல துணை. ஈர மரத்தைக் காயவைக்க அதனால் ஆகாது. என் கணிப்பில், பையைக் காட்டி ஈர மரத்தை விற்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் சமாளிப்பு.

பிளாஸ்டிக் சுற்றுவதும் அப்படியே. உலர்ந்த மரத்துக்கு அது குடை, ஈர மரத்துக்கு அது சிறை.

சரி, மருந்து அடித்துவிட்டால்? ஒரு காலத்தில் உலகமெங்கும் அறுவை ஆலைகளில் பலகையைச் சோடியம் பென்டாகுளோரோபீனேட் கரைசலில் முக்கி எடுத்தார்கள். மலிவு, கறையும் வராது. ஆனால் முக்கி எடுத்த தொழிலாளியின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சு அது. ஒவ்வொரு நாடாகக் கட்டுப்படுத்தி, கடைசியில் 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில், மின்கம்பம் போன்ற சில விலக்குகளோடு, பென்டாகுளோரோபீனால் சேர்க்கப்பட்டது. இப்போது அதைவிட மென்மையான மருந்துகள் வந்துவிட்டன. அவையும் அறுத்த பச்சைப் பலகை காயும்வரை சில வாரம் காவல் நிற்க மட்டுமே.

மருந்து எவ்வளவு தூரம் திரும்பிக் கடிக்கும் என்பதற்கு 2010 ஜனவரியில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமம் டைலெனால் உள்ளிட்ட பல மாத்திரைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. டைலெனால் என்பது நம் பனடோல் மாதிரி, அதே பாராசிட்டமால். வாங்கியவர்கள் புட்டியைத் திறந்தால் பூசண வாடை. சிலருக்கு வயிற்றுப் புரட்டல். விசாரித்ததில், பொதிப் பொருள்களை ஏற்றி வைத்த மரப் பேலட்டுகள்வரை போனது விவகாரம். அந்த மரத்துக்குப் பூசணம் வராமலிருக்க அடித்த ட்ரைபுரோமோபீனால் என்ற மருந்தைப் பூஞ்சை சிதைத்து வேறொரு பொருளாக மாற்றியிருந்தது. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் ஏறும் பூசண வாடை அந்தப் பொருளுக்கு. பேலட்டிலிருந்து புட்டிக்கும், புட்டியிலிருந்து மாத்திரைக்கும் அது பரவிவிட்டது. பேலட் காய்ந்து இருந்திருந்தால் மருந்துக்கே வேலை இருந்திருக்காது.

பேலட்டிலும் பெட்டியிலும் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டி "பதப்படுத்தியது" என்பார்கள். அது அனைத்துலகப் பூச்சித் தடுப்பு விதியின் முத்திரை. பொதி மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரிச் சூட்டை 30 நிமிடம் கொடுத்தோம், அல்லது புகை போட்டோம் என்பதற்குச் சான்று. வண்டும் புழுவும் நாடு விட்டு நாடு போகாமலிருக்கத்தான் அது. அரை மணிச் சூட்டில் மரம் காய்ந்துவிடாது. முத்திரை பளிச்சென்று இருக்க, அதற்குப் பக்கத்திலேயே பூசணம் பூத்திருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஆகவே தமிழ்நாட்டிலிருந்து ஊஞ்சலோ சாமி மேடையோ கொலுப்படியோ வரவழைக்க நினைப்பவர்கள் பேரம் பேசும் நேரத்தில் பாதியை ஈரத்தைப் பற்றிப் பேசச் செலவிடலாம். இரண்டு ஊசி உள்ள ஈரமானி என்று கைப்பேசி அளவில் ஒரு கருவி இருக்கிறது. ஓரளவு பெரிய பட்டறை எல்லாவற்றிலும் இருக்கும். பெட்டியில் அடைக்கும் அன்று, பாலிஷ் தெரியாத அடிப்பக்கத்தில் அந்த ஊசியைக் குத்தி, எண் தெரிய ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். 12 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 18-க்கு மேல் என்றால் "அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் காயட்டும், அவசரமில்லை" என்று சொல்லிவிடுங்கள். அடிக்கட்டைகளையும் பேலட்டையும் அதே ஊசியால் குத்தச் சொல்லுங்கள். நல்ல தேக்கைப் பச்சை மரப் பேலட்டில் உட்காரவைத்து அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. வைக்கோல் வைத்துக் கட்ட வேண்டாம்; அது ஈரத்தையும் பூச்சியையும் சேர்த்தே கொண்டுவரும். உங்கள் சரக்கு தனிக் கொள்கலனில் வராமல் பலரோடு பங்கு போட்டு வருகிறதென்றால் பக்கத்தில் யாருடைய ஈரம் உட்கார்ந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நிலையில் மட்டும், நன்றாகக் காய்ந்த மரத்தை ஈரம் உறிஞ்சும் பையோடு சேர்த்து இறுக்கமாகச் சுற்றச் சொல்வது நல்லது.

மாதத்தையும் பாருங்கள். தைப்பொங்கலுக்கு, தைப்பூசத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சரக்கு அங்கே கட்டப்படுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். தச்சர் நல்லவராகவே இருந்தாலும் மழைக்கு அவர் என்ன செய்வார்? சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து கட்டப்பட்டது பத்திரமாக வரும். வைக்க இடம் இருந்தால் முன்கூட்டியே வரவழைத்துவிடலாம்.

இந்தப் பக்கத்து வேலை ஒன்றுதான்: தாமதிக்காமல் எடுப்பது. கடல் பயணம் ஒரு வாரம், பத்து நாள் என்றால், தாள் சரியில்லாமல் துறைமுகத்தில் கிடப்பது அதைவிட நீளமாகிவிடும். இலவச நாள் முடிந்தால் வாடகையும் ஏறும், பூசணமும் ஏறும். பொருள்பட்டியல், விலைச்சீட்டு எல்லாவற்றையும் கப்பல் கிளம்பும்போதே முகவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே சுற்றியதைப் பிரிக்க வேண்டும். குடிபுகும் நாள்வரை பிளாஸ்டிக்கோடு மூலையில் நிற்கட்டும் என்பது பலர் வீட்டில் நடப்பது, வேண்டாம்.

பூசணம் வந்தேவிட்டது என்றால் முதலில் நன்றாகப் படம் எடுத்து, விற்றவருக்கும் காப்புறுதி இருந்தால் அவர்களுக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். பிறகு வெளியே, திறந்த இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். உலர் துணியால் தட்டிப் பறக்கவிடாமல், கொஞ்சம் பாத்திரச் சோப்பு கலந்த நீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, காற்றாடிக்கு முன்னால் சில நாள் நிறுத்தினால் போதும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். பிளீச் மேல்நிறத்தை வெளுத்துவிடும்; பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுப்புகை வரும். காயாத மரத்தின் மேல் புதுப் பாலிஷ் பூசித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, வந்த பேலட்டைப் பற்றி. அதைப் பிரித்துத் தொலைக்காட்சி மேசையாகவும் செடித்தொட்டியாகவும் ஆக்குவது இப்போது நம் இளைஞர்களிடையே வழக்கமாகிவிட்டது. பிரிப்பதற்கு முன் அந்தக் கோதுமைக் கதிர் முத்திரையின் ஓரத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் படியுங்கள். எச், டி என்றிருந்தால் சூடேற்றியது. எம், பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது; அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், அடுப்பிலும் எரிக்க வேண்டாம். முத்திரையே இல்லையென்றால் எங்கே கிடந்தது, எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. எச், டி இருந்தாலும் ஒருமுறை பக்கத்தில் போய் முகர்ந்து பாருங்கள்.